தப்பு என்னுடையதா, தோட்டாவுடையதா?

போன மாசி மாதம் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்து லேனில் ஒரு கல்லூரி மாணவி குப்புறப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். எட்டாவது தோட்டா வெடிக்கவில்லை. தோட்டாவைத் தட்டிப் பற்றவைக்கும் ஊசி 'டிக்' என்று விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. சொல்லிக்கொடுத்திருந்தபடி, குழல் குறிப்பலகையைப் பார்த்தபடியே இருக்க, முப்பது விநாடி அசையாமல் கிடந்தாள். அப்புறம் போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். பித்தளை விளிம்பில் ஊசி குத்திய பள்ளம் ஆழமாகவே விழுந்திருந்தது. துப்பாக்கியில் குறையில்லை. ரேஞ்ச் அலுவலரிடம் கேட்டுக்கொண்டு, அதே தோட்டாவை அரைச்சுற்றுத் திருப்பி, பள்ளம் கீழ்ப்பக்கம் வரும்படி மறுபடி போட்டாள். இந்த முறை வெடித்தது. துளை கீழே, நடுவில் இருக்கும் பத்தாம் வட்டத்தை விட்டு விலகி, ஏழாம் வட்டத்தில் விழுந்தது.

"அண்ணா, இதுக்கு முன்னாடி ரெண்டு எட்டு விழுந்துச்சே. அது என் தப்பா, தோட்டா தப்பா?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது கையிருப்பில் இருந்த கடைசிப் பெட்டி. அதே லாட்டில், அதாவது ஆலையில் ஒரே தொகுப்பாகச் செய்ததில், இன்னொரு பெட்டி இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் சோதித்துச் சொல்லியிருப்பேன். கடலூர், புதுச்சேரிப் பக்கம் விளையாட்டுப் போட்டிக்காக .22 (பாயின்ட் டூ டூ) என்ற சின்னத் தோட்டாவைச் சுடுகிறவர்களின் சிக்கல் முழுக்க இந்த ஒரு காட்சிக்குள் அடங்கிவிடும். தோட்டா கிடைப்பதில்லை என்று ஒரு குறை, கிடைப்பது சரியில்லை என்று இன்னொரு குறை, இப்படித் தனித்தனியாகத்தான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு இரண்டும் ஒரே குறையாகத்தான் தெரிகிறது. ஒரே மாதிரித் தோட்டா தொடர்ந்து கைக்கு வராதவரை, அது நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் இந்தத் தோட்டாவைப் பற்றி. பாயின்ட் டூ டூ என்றால் நம் ஊரில் என்.சி.சி.யில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தார்ப்பாயில் படுத்து, 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் பலகையில் ஐந்து ரவுண்டு சுட்டு, காலி கேஸ்களை எண்ணி ஒப்படைத்துவிட்டு எழுந்து வந்த அந்த ஒரு நாள் பலருக்கு ஆயுளுக்கும் மறக்காது. அன்று கையில் இருந்தது ரிம்ஃபயர் தோட்டா. பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில், அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சின்ன வட்டக் கிண்ணம் பதித்திருக்கும்; அதற்குள்தான் பற்றவைக்கும் மருந்து இருக்கும். ரிம்ஃபயரில் அந்தக் கிண்ணமே கிடையாது. பித்தளைக் கூட்டின் அடியில் மடிந்திருக்கும் விளிம்புக்குள்ளேயே மருந்து தடவியிருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். 1845-ல் பாரிஸில் ஃப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் தொடங்கிவைத்த வழி இது. 1857-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .22 ஷார்ட்டைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்கச் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய 140 வருடமாக அளவு மாறாமல் ஓடுகிற தோட்டா.

மலிவாகச் செய்ய முடிகிற அமைப்பு என்பது இதன் பலம். பலவீனமும் அங்கேயேதான். கூட்டைச் செய்து முடித்ததும், ஈரப் பதத்தில் இருக்கும் பற்றுமருந்தில் ஒரு துளி எடுத்து அதற்குள் போட்டு, வேகமாகச் சுழற்றி விளிம்பின் உள்பள்ளம் முழுக்கப் பரவச் செய்கிறார்கள். வட்டம் முழுக்க ஒரே சீராகப் பரவினால் நல்லது. எங்காவது ஒரு இடத்துக்கு மருந்து போய்ச் சேராமல், ஊசியும் சரியாக அங்கேயே குத்தினால், பள்ளம் விழும், வெடி வராது. அந்த மாணவியின் தோட்டா திருப்பிப் போட்டதும் வெடித்தது இதனால்தான். மருந்து மறுபக்கம் இருந்தது. மொத்தமாக வெடிக்காமல் போகிற தோட்டாவைவிட, மருந்து கொஞ்சம் கூடக்குறையப் பரவி வெடிக்கிற தோட்டாதான் எனக்குப் பெரிய கவலை. வெடிக்காததைக் கண்ணால் பார்த்துவிடலாம். அரைகுறையாகப் பற்றியது சத்தத்தில் தெரியாது, குறிப்பலகையில்தான் தெரியும்.

உள்ளே இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு சின்ன அளவில் சில மில்லிகிராம் முன்பின் ஆனாலும் வேகம் மாறும். சாதாரணப் போட்டித் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 325 முதல் 330 மீட்டர் வேகத்தில் போகும். அதில் 10 மீட்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 மீட்டரைக் கடக்கத் தோட்டாவுக்கு விநாடியில் ஆறில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. வேகம் அந்த 10 மீட்டர் குறைந்தால், வழக்கமாக விழும் இடத்துக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் கீழே போய் விழும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் பலகையில் பத்தாம் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி கிடைக்கும் என்பதால் முழு எண்ணில் தப்பித்துவிடலாம். தசமத்தில் எண்ணும் இறுதிச் சுற்றில், உச்சப் புள்ளியான 10.9 ஆக வேண்டியது 10.1 ஆகிவிடும். சுட்டவர் செய்த தவறு எதுவும் அதில் இல்லை.

பாரிஸில் 2024-ல் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதை எல்லோரும் பார்த்தோம். தகுதிச் சுற்றில் 60 தோட்டாவில் 600-க்கு 590, இறுதியில் 451.4. லண்டனில் 2012-ல் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியும் இதே .22 தோட்டாவில் நடந்ததுதான். 60 தோட்டாவில் பத்துப் புள்ளிதான் இழக்கலாம் என்கிற அளவில் விளையாடுகிறவர்களுக்கு, பெட்டிக்குள் ஒரு தோட்டா சோம்பலாக இருந்தாலும் அது பதக்கக் கணக்கு.

அதனால்தான் அவர்கள் பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பி வாங்குவதில்லை. இங்கிலாந்தின் ஈலி, ஃபின்லாந்துப் பெயரில் ஜெர்மனியின் ஷோனபெக்கில் தயாராகும் லாப்புவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆகிய மூன்றும்தான் போட்டிகளில் அதிகம் தென்படும் பெயர்கள். உயர்ரகம், நடுத்தரம், பயிற்சிரகம் என்று விலையைப் பிரித்து விற்கிறார்கள். ஒவ்வொரு லாட்டையும் சோதனைக் குழலில் சுட்டு, துளைகள் எவ்வளவு நெருக்கமாகக் கூடுகின்றன என்று பார்த்த பிறகுதான் அது எந்தப் பெட்டிக்குப் போகும் என்று முடிவாகும். அதோடும் முடியாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு ருசி உண்டு. என் துப்பாக்கியில் பத்துக் குண்டும் ஒரே துளையாகிற லாட், உங்கள் துப்பாக்கியில் சிதறிப் போகலாம். அதே மாடலில் அடுத்த வரிசை எண் உள்ள துப்பாக்கியிலும் சிதறலாம். ஐரோப்பிய வீரர்கள் துப்பாக்கியோடு தொழிற்சாலைச் சோதனைக் கூடத்துக்கே போய், அதைப் பிடியில் இறுக்கிப் பொருத்தி, நாலைந்து லாட்டில் சுட்டுப் பார்த்து, பிடித்ததை ஆயிரக்கணக்கில் எடுத்து வருகிறார்கள். லாட் எண்தான் அவர்களுக்குப் பெயர்.

நம் நிலைமை அதற்கு நேர் எதிர். இங்கே எந்த லாட் வேண்டும் என்று கேட்கிற பேச்சுக்கே இடமில்லை. எது வந்திருக்கிறதோ அதுதான்.

காரணங்கள் பல. முதலாவது, தோட்டா என்பது மற்ற விளையாட்டுப் பொருள் மாதிரி கடையில் தொங்குவதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். எத்தனை வாங்கலாம், ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்பது உரிமப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்பனையாளர் அதில் பதிந்து கொடுப்பார். 2016-ன் ஆயுத விதிகள் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கி, அவரவர் தகுதிக்கு ஏற்பக் கூடுதல் தோட்டாக்களை அனுமதிக்கின்றன. இந்த ஏற்பாடு சரியானது என்றுதான் நினைக்கிறேன். இந்தச் சின்னத் தோட்டா ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியது. கணக்கு வைக்காமல் விடக்கூடிய பொருளில்லை. கடலூர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். 1690-ல் செயின்ட் டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை உள்ள கிராமங்களும் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஊர்ப்பெயர் இருக்கிறது. குண்டு போகிற தூரத்தின் அர்த்தம் நம் மண்ணில் எழுதியிருக்கிறது. 50 மீட்டர் ரேஞ்சுக்குப் பின்னால் உயர்ந்த மண்மேடு கேட்பதும், அப்படிப்பட்ட ரேஞ்சுகள் கொஞ்சமாகவே இருப்பதும் இந்தத் தூரத்தால்தான்.

இரண்டாவது, இறக்குமதி. உள்நாட்டில் புனே அருகே கிர்க்கி தொழிற்சாலையில் .22 தோட்டா தயாராகிறது. 2021 அக்டோபரில் அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்த பிறகு, அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வருகிறது. போட்டிக்கான உயர்ரகம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்குத் தனி அனுமதி தேவை. 1951-ல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் மொத்தமாக வரவழைத்து மாநிலச் சங்கங்கள், கிளப்புகள் வழியாகப் பிரித்துக் கொடுக்கும். பெரிய தகுதி பெற்ற வீரர்கள் தங்கள் பெயரிலேயே வரவழைக்கலாம். புதிதாக வருகிற பிள்ளைக்கு அந்த வழி இல்லை. கிளப் துப்பாக்கி, கிளப் தோட்டா. சரக்கு வருகிற வழியும் லேசானதில்லை. தோட்டா வெடிபொருள் வகையைச் சேர்ந்தது என்பதால் கூரியரில் போட்டு அனுப்ப முடியாது. விமானத்தில் பயணி ஒருவர் எடுத்துப் போகலாம் என்கிற உச்சவரம்பு ஐந்து கிலோ. ஒரு தோட்டா மூன்றரை கிராம்கூட இருக்காது, ஆனால் ஆயிரம் சேர்ந்தால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். போட்டிக்குத் தயாராகிறவருக்கு ஆயிரம் தோட்டா என்பது சில வாரப் பயிற்சிதான்.

மூன்றாவது காரணம் நம் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ரிம்ஃபயர் செய்கிற இயந்திரங்களில் வேறு தோட்டா செய்ய முடியாது, வேறு தோட்டா செய்கிற இயந்திரங்களில் இதைச் செய்ய முடியாது. ஒரு தோட்டாவில் லாபமும் மிகக் குறைவு. அதனால் தேவை திடீரென்று ஏறினால் யாரும் புது ஆலை கட்ட ஓடுவதில்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, புதிய சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் மக்கள் கிடைத்ததை எல்லாம் வாங்கிக் குவித்தார்கள். மற்ற தோட்டாக்கள் கடைக்குத் திரும்பிய பிறகும், .22 மட்டும் அங்கே சில வருடங்கள் தட்டுப்பாடாகவே இருந்தது. 2020-ல் கோவிட் காலத்தில் அதே கதை மறுபடி நடந்தது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும், ஐரோப்பாவில் வெடிமருந்துக்கான மூலப்பொருள்களுக்கு ராணுவத் தேவை முன்னால் வந்து நின்றது. தயாரிப்பாளர்களும் சில கைகளுக்குள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆர்.டபிள்யூ.எஸ். 2022-ல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்துக்குப் போனது. அமெரிக்காவின் சி.சி.ஐ., ஃபெடரல், ரெமிங்டன் தோட்டாக்கள் 2024-ல் ஒரு செக் நிறுவனத்துக்குப் போயின. வரிசையில் கடைசியில் நிற்பவர்களுக்குத்தான் இதெல்லாம் முதலில் உறைக்கும்.

அப்புறம், நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் ஏறினால் முள்ளோடையில் எல்லை தாண்டுகிறோம். கீரை வாங்கப் போகிறவர்களுக்கு அது ஒரு போர்டு, அவ்வளவுதான். தோட்டா வைத்திருப்பவருக்கு அது வேறு ஆட்சிப் பகுதி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமம் யூனியன் பிரதேசத்துக்குள் செல்லாது. அதைப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஒரு பெட்டித் தோட்டாவுக்காகக் குற்றவழக்கில் நிற்க நேரும். உரிமத்தில் செல்லுபடியாகும் எல்லை என்ன எழுதியிருக்கிறது என்று கிளம்புவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். விளையாட்டுக்காரர்கள் விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம். அதுவும் கைவசம் கடிதங்கள் தயாராக இருந்தால்தான் நேரத்துக்கு நடக்கும். இரண்டு பகுதிக்கும் தேர்தல் வருகிற வருடம் பயிற்சி நாட்கள் கரைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் தாண்டி வீட்டுக்கு வந்த தோட்டாவைக் கடற்கரை ஊர் சும்மா விடாது. .22 குண்டு வெறும் ஈயம், மேலே மெல்லிய மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு. குண்டும் பித்தளையும் சேருமிடம் சற்று இறுக்கி வைத்ததுதான். ராணுவத் தோட்டா மாதிரி அரக்கு வைத்து அடைத்ததில்லை. உப்புக்காற்றில் திறந்து வைத்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒரு படிவு வரும், பித்தளை கறுக்கும். கத்திரி வெயிலில் காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் பூச்சு இளகிப் பெட்டியின் அடியில் இறங்கிவிடும். பூச்சு போன குண்டு குழலுக்குள் ஈயத்தைப் பூசிக்கொண்டே போகும். அன்று முழுக்கக் குழுமம், அதாவது துளைகள் கூடி விழும் வட்டம், விரியும். சுடுகிறவர் தன் மூச்சையும் விரலையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். வெயிலில் சூடேறிய தோட்டாவுக்கும் நிழலில் இருந்த தோட்டாவுக்கும் வேகம்கூட ஒன்றாக இருக்காது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. என் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு நனைந்தது. அதில் பாதிப் பெட்டித் தோட்டா இருந்தது. துடைத்துக் காயவைத்தால் வெளியே பார்க்கப் புதிதுபோலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஈரம் போயிருந்தால் மருந்து பாதிதான் எரியும், குண்டு குழலுக்குள்ளேயே சிக்கும். 'புஸ்' என்று மெலிந்த சத்தம் கேட்டு, அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பிப் போகும், ஆளுக்கும் காயம் ஆகும். அந்தப் பாதிப் பெட்டியை நான் சுடவில்லை. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் கணக்குக் காட்டி ஒப்படைத்தேன். இப்போது ரப்பர் விளிம்பு வைத்து இறுக்கி மூடும் டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, பூட்டிய மேல்தட்டில் வைக்கிறேன். குளிர்சாதனப் பெட்டி மட்டும் வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

இவ்வளவு தொல்லைக்கு நடுவில் நம் பிள்ளைகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பக்கம் போவதில் வியப்பில்லை. 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு, சக்தி வரம்புக்குள் இருந்தால், உரிமம் வேண்டாம். அதில் போடும் பெல்லட் என்ற சின்னக் குண்டு டப்பாவாகச் சுலபமாகக் கிடைக்கும், ஒரு பெரிய அறை இருந்தால் பயிற்சி நடக்கும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியது அந்தப் போட்டியில்தான். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஏர் ரைஃபிளில் நன்றாக வளர்ந்த பிள்ளை 50 மீட்டருக்கு மாறும் வயதில், காற்றும் வெயிலும் தோட்டாவும் சேர்ந்து ஆடுகிற அந்த ஆட்டத்தைக் கற்க ஆயிரக்கணக்கில் சுட வேண்டியிருக்கிறது. தோட்டா இல்லாததால் அங்கேயே நின்றுவிட்ட திறமையான பிள்ளைகளை எனக்குத் தெரியும். இது என்னை உறுத்துகிறது.

கிளப்புகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், வெளிநாட்டுச் சோதனைக் கூடமும் வேண்டாம். சரக்கு வரும்போது ஆளுக்கு ரெண்டு பெட்டி என்று கலந்துகட்டிப் பிரிக்காமல், லாட் வாரியாகப் பிரித்துக் கொடுப்பது. ஒருவருக்கு ஆறு பெட்டி ஒதுக்கீடு என்றால் ஆறும் ஒரே லாட்டாக இருக்கட்டும். பயிற்சிக்கு மலிவான ரகம் போதும், அதுவும் ஒரே லாட்டாக இருந்தால் போதும். பத்து மில்லிமீட்டர் வட்டத்துக்குள் கூடுகிற விலையுயர்ந்த கலவைப் பெட்டிகளைவிட, எப்போதும் பதினெட்டு மில்லிமீட்டருக்குள் கூடும் என்று தெரிந்த ஒரே லாட் கற்றுக்கொள்கிறவருக்கு உதவும். பதினெட்டுக்கு வெளியே போனால் அது சுட்டவர் கணக்கு என்று தெரிந்துவிடும். பூச்சு மாறும் புது ரகத்துக்குப் போகும்போது, குழல் அதற்குப் பழக முதல் பத்து இருபது தோட்டாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு முறுக்கைத் தொடுங்கள்; ஈயம் விரலோடு வரும்.

பங்குனிக் கடைசியில் கிளப்புக்குச் சரக்கு வந்தது. நடுத்தர ரகம்தான். எட்டுப் பெட்டி, எல்லாம் ஒரே எண். காலை ஏழு மணிக்கு, கடல்காற்று எழும்பும் முன்னால், மணல் மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து, ஐந்து ஐந்தாக நாலு முறை சுட்டோம். அந்த மாணவி வெர்னியர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு குழுமத்தையும் அளந்து நோட்டில் எழுதினாள். 14, 16, 13, 17. மேலே லாட் எண், தேதி, வெயிலின் அளவு. வெடிக்காத தோட்டா ஒன்றும் இல்லை. பிறகு மூட்டையை எடுத்துவிட்டு, துப்பாக்கி வாரைக் கையில் மாட்டிப் படுத்துத் தானே பத்துச் சுட்டாள். ஏழு துளை நடுவில் கூடியிருந்தது, மூன்று மட்டும் வலது பக்கம் எட்டாம் வட்டத்தில். பலகையைக் கழற்றி வந்து என் முன்னால் நீட்டி, அந்த மூன்று துளையையும் விரலால் தொட்டாள்.

"இது நான்தான்ணா. இடது முழங்கை நகருது" என்றாள். முகத்தில் அத்தனை வெளிச்சம்.